லேப்டாப் பொட்டென்று அணைகிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் திறந்து பாருங்கள்

என்னிடம் பத்து வருஷத்து லேப்டாப் ஒன்று இருக்கிறது. போன சித்திரை வெயிலில் வீடியோ கால் நடுவே பொட்டென்று அணையத் தொடங்கியது. கடையில் கொடுத்தால் ஃபார்மட் அடித்துத் தந்தார்கள், நாலு நாள் ஓடியது, மறுபடி அதே கதை, மறுபடி ஃபார்மட். இரண்டு தடவை காசு போன பிறகுதான் நானே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

அதனால் சொல்கிறேன், முதலில் அது எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். எச்சரிக்கையே இல்லாமல் அணைந்தால் பெரும்பாலும் சூடு, இல்லையென்றால் மின்சாரம் வரும் வழி. நீலத்திரை வந்தால் பெரும்பாலும் ரேம், அல்லது டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்). மௌஸ் நகர்கிறது, ஆனால் எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது என்றால் டிஸ்க் மேல் சந்தேகப்படுங்கள். எதுவானாலும், இப்போதே முக்கியமான கோப்புகளை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்துவிட்டு பவர் போர்டு போச்சு என்று பதறுபவர்கள் நிறைய. முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்பதை இல்லை. அதைவிட, தேடும் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் வரும் பக்கம் உபயோகமானது, எந்தத் தேதியிலிருந்து சிவப்புக் குறிகள் விழுகின்றன என்று தெரியும். அந்தத் தேதியில் ஏதாவது டிரைவர் அப்டேட் ஆகியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் போய் அதை ரோல் பேக் செய்து, அதாவது பழைய பதிப்புக்கே மாற்றிப் பாருங்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். வெப்பம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். வெறும் வீடியோவுக்கே 95, 100 டிகிரியைத் தொடுகிறதென்றால் திறக்க வேண்டியதுதான். சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் படம் வரைந்த காகிதத்தின் மேலேயே வையுங்கள், எல்லாம் ஒரே நீளம் இருக்காது, நீளமானதைக் குட்டைத் துளையில் திருகினால் கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். எனக்கு உள்ளே விசிறிக்கும் அதையடுத்த தகட்டு வரிசைக்கும் நடுவில், தலையணைப் பஞ்சைத் தட்டி வைத்த மாதிரி ஒரு தூசிப் பட்டை! வெளியிலிருந்து எத்தனை ஊதினாலும் அது போகாது, விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ப்ளோயர் வைத்து ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் வெப்பத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஓர் அரிசி அளவு புதிது வையுங்கள். தகட்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால் அந்த வரிசையில், ஒரே மூச்சில் இறுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக.

நீலத்திரைக்காரர்கள் அந்தத் திரையை போனில் படம் எடுத்து வையுங்கள், கீழே உள்ள குறியீடுதான் துப்பு. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள், பத்து நிமிடம் போதாது.

டிஸ்க் சந்தேகம் என்றால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் காப்பி எடுக்கும் முன் விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அந்த ஓட்டமே முடித்துவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க்தான் என்றால் எஸ்எஸ்டி மாற்றிவிடுங்கள், இந்த வயசு லேப்டாப்பில் அதைவிட நல்ல செலவு கிடையாது.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். சார்ஜர் பின்னை லேசாக ஆட்டினாலே சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது என்றால் சார்ஜரையோ ஜாக்கையோ மட்டும் மாற்றினால் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் அணைகிறது, கடைக்காரர் போர்டில் சிப்பைச் சூடாக்கித் தருகிறேன் என்கிறார் என்றால், நான் அந்தக் காசைக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலும் சில மாதத்தில் அதே கோளாறு திரும்ப வந்துவிடும்.