மன அதிர்ச்சிக்கு உடல்வழிச் சிகிச்சை: அவசரத்தால் நேரும் தவறுகள்

யோகப் பயிற்சி நடக்கும் ஓர் அறையை எண்ணிப் பாருங்கள். விளக்கு அணைந்திருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. "கண்களை மூடுங்கள், உடம்பைத் தளர விடுங்கள், மூச்சை உள்ளிழுத்து அப்படியே நிறுத்துங்கள்" என்கிறார் பயிற்றுநர். எல்லோரும் அமைதியாகப் படுத்திருக்க, ஒரு பெண்ணுக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் இருட்டில், மல்லாந்த நிலையில், நகர முடியாமல் வன்முறைக்கு ஆளானவர் அவர். வகுப்பு முடிந்து தன் சிரமத்தைச் சொன்னால், "போகப் போகப் பழகிவிடும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் பெரிது என்று நான் கருதுகிறேன்: தப்ப வழியில்லாத நிலையில் உண்டான காயத்துக்கு, தப்ப வழியில்லாத சூழலிலேயே மருந்திடப் பார்ப்பது.

"ஈரக்குலை நடுங்கியது", "அடிவயிறு கலங்கியது", "கை கால் ஓடவில்லை" என்று அச்சத்தை உறுப்புகளை வைத்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆபத்து கடந்த பிறகும், இதயத் துடிப்பு, மூச்சு போன்றவற்றைத் தானாகவே இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் அந்த நடுக்கத்திலிருந்து இறங்கி வராமல், சிறு ஓசைக்கும் துள்ளி எழுவதும், சில வேளைகளில் உணர்வே அற்று மரத்துப்போவதும் மன அதிர்ச்சியின் அடையாளங்கள். பேச்சின் வழியே மட்டும் இதை அணுகாமல், உடலில் எழும் உணர்வுகளைக் கவனிப்பதிலிருந்து தொடங்கும் முறைகளை அமெரிக்காவில் பீட்டர் லெவின், பேட் ஆக்டன் போன்றோர் வளர்த்தெடுத்தனர்.

லெவின் தம் முறையை விளக்க வேதியியலிலிருந்து தரம்பார்த்தல் (titration) என்ற சொல்லைக் கடன் வாங்கினார். பள்ளி ஆய்வகத்தில் அதைச் செய்தவர்களுக்கு உடனே விளங்கும்: பியூரெட்டின் குழாயை மெல்லத் திருப்பி, சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றிப் பார்ப்போம். அச்சத்தின் நினைவையும் அந்த அளவில்தான் தொட வேண்டும். தொட்டதும், உடலில் இதமாக இருக்கும் ஓர் இடத்துக்கு, அது தரையில் பதிந்த பாதமாகவோ நாற்காலியில் சாய்ந்த முதுகாகவோ இருக்கலாம், கவனத்தைத் திருப்ப வேண்டும். இதற்கு நேர்மாறாக, அழுது தீர்த்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பி, உடல் உதறி, கதறி அழும் வரை ஒருவரைத் தள்ளிக்கொண்டு போவது பல பயிற்சி முகாம்களில் நடக்கிறது. அழுகை தானாக வந்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அழுகையின் அளவை வைத்துச் சிகிச்சையின் வெற்றியை அளக்கக் கூடாது. அன்றிரவு அவர் தூங்கினாரா, மறுநாள் வழக்கமான வேலையைப் பார்க்க முடிந்ததா என்பதே சரியான அளவுகோல்.

மூச்சுப் பயிற்சியில் நேரும் தவறு நம்மிடையே மிகப் பரவலானது. மூச்சு என்றாலே அமைதி என்று எடுத்துக்கொண்டு, கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளையும், மூச்சை நிறுத்தி வைக்கும் கும்பகத்தையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கற்பிக்கிறார்கள். வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் தலை சுற்றும், விரல் நுனிகளும் உதடுகளும் மரக்கும், நெஞ்சு படபடக்கும். நலமாக இருப்பவருக்கு இது சில நிமிட விசித்திரம். பேரச்சத்தை அனுபவித்தவரின் உடலோ இதே அறிகுறிகளை ஆபத்து திரும்பி வந்துவிட்டதன் சான்றாகப் படித்துக்கொள்கிறது. மூச்சை வெளியே விடும் நேரத்தைச் சற்றே நீட்டுவது இதயத் துடிப்பைத் தணிக்கும், பெரும்பாலோருக்கு இதமாகவும் இருக்கும். அதுவும் சங்கடமாக இருந்தால் மூச்சை விட்டுவிட்டுக் காதில் விழும் ஓசைகளுக்கோ கைப்பிடியின் குளிர்ச்சிக்கோ கவனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தொடுதலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசனத்தைத் திருத்துவதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் தோளையோ இடுப்பையோ தொடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கேட்டுவிட்டுத் தொட்டால் போதும் என்பதும் முழுமையான பதிலாகாது. குருவின் சொல்லுக்கு மறுப்புச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள், வேண்டாம் என்று மனம் கதறும்போதும் "பரவாயில்லைங்க" என்றுதான் சொல்வார்கள். எனவே மறுப்பதை எளிதாக்கும் வகையில் கேட்க வேண்டும், தயங்கினாலே மறுப்பு என்று கொள்ள வேண்டும். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கென அமைக்கப்பட்ட யோக முறையில் உடலைத் தொட்டுத் திருத்துவதே இல்லை, கட்டளைகளும் இல்லை. "கண்ணை மூடுங்கள்" என்பதற்குப் பதிலாக "மூடிக்கொள்ளலாம், திறந்தும் வைத்திருக்கலாம்" என்று சொல்கிறார்கள். தன் உடல்மீது தனக்கு உரிமையில்லாமல் போன ஒருவருக்கு அந்த "லாம்" பெரிய மருந்து.

இடுப்பில் வலி இருக்கிறது, ஆகவே சிறுவயதில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்துச் சொல்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். உடலின் ஓர் உணர்வு, மறந்துபோன நிகழ்ச்சி ஒன்றுக்குச் சாட்சி ஆகாது. திரும்பத் திரும்பத் தூண்டினால் நடக்காததும் நினைவாகப் படிந்துவிடும். அதேபோல், படபடப்பையும் ஓயாத களைப்பையும் அதிர்ச்சியின் கணக்கிலேயே எழுதிவிடாமல், தைராய்டு, இரத்தசோகை, இதயக் கோளாறு ஆகியவற்றுக்கான பரிசோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டும்.

இந்த முறைகளின் பலனை மிகைப்படுத்துவதும் தீங்கே. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 வார யோகப் பயிற்சிக்குப் பின் 31 பெண்களில் 16 பேர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் 29 பேரில் 6 பேருக்கே அது வாய்த்தது. ஊக்கம் தரும் முடிவுதான், ஆனால் யோகம் அங்கே துணைச் சிகிச்சையாகவே சேர்க்கப்பட்டது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் நடந்த மூச்சுப் பயிற்சி ஆய்வும் நல்ல பலனைக் காட்டியது. அதில் குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறையும் ஆகும். ஆகவே, மருத்துவர் தந்த மாத்திரையை ஒரு முகாமின் உற்சாகத்தில் நிறுத்திவிடக் கூடாது. தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவித் தொலைபேசி, எந்நேரமும் இயங்குகிறது.

அடிக்கும் கணவரோடு இன்னும் ஒரே வீட்டில் வாழும் பெண்ணிடம் "உடம்பைத் தளர்த்துங்கள்" என்று சொல்வதில் நியாயம் இல்லை. அவருடைய விறைப்பு இன்றும் அவரைக் காத்து நிற்கிறது; பாதுகாப்பான இருப்பிடமே அவருக்கு முதற்சிகிச்சை. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மக்கள் தம் துயரத்தை உடல் நோவாகவே சொல்லி வருவதைக் கண்டு, அவரவர் சமயத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற மூச்சுப் பயிற்சியையும் மந்திர அல்லது பிரார்த்தனை உச்சரிப்பையும் பயன்படுத்தினார். குடும்பத்தையும் சமூகத்தையும் சீர்ப்படுத்துவதை அதிலிருந்து அவர் பிரிக்கவில்லை.

முதலில் சொன்ன பெண் சரியான ஓரிடத்துக்குப் போயிருந்தால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கதவருகே உள்ள நாற்காலியை அவரே தேர்ந்தெடுத்திருப்பார். நடந்ததை அவர் விவரிக்க வேண்டியிருக்காது. அறையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி, நாட்காட்டி, சன்னல், தண்ணீர்ச் செம்பு என்று பார்ப்பதை மெல்லச் சொல்லியிருப்பார், பாதங்களைத் தரையில் அழுத்திப் பார்த்திருப்பார், போதும் என்றதும் அன்றைய அமர்வு முடிந்திருக்கும். மூச்சைப் பற்றிய பேச்சு ஐந்தாவது வாரத்துக்குக்கூடக் காத்திருக்கலாம்.