கீழே ஆடும் பையனை மேலே ஏற்றும்போது

காவேரிப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து கிருஷ்ணகிரிக்கு வந்து என்னிடம் ஃபுட்பால் பழகும் பையனுக்குப் பதினைந்து வயது. கீழே, அதாவது நம் கோலைக் காக்கும் டிஃபன்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்து, பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிடுவான். அவனை மேலே, கோல் அடிக்க முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடவைக்க நினைத்து, ஒரு மேட்சில் "இன்னைக்கு மேல போய் ஆடு" என்று மட்டும் சொல்லி இறக்கிவிட்டேன். முதல் பாதியில் பந்து அவன் காலுக்கு வந்ததே நாலைந்து தடவைதான். தப்பு என்னுடையது.

கீழே ஆடுபவனுக்கு மைதானம் முழுக்கக் கண் முன்னால் கிடக்கும். மேலே போனால் கோல் போஸ்ட் முதுகுப் பக்கம், அங்கேயே ஒருத்தன் ஒட்டிக்கொண்டும் நிற்பான். அதனால் காலைவிட முதலில் கழுத்தைப் பழக்குங்கள். பையனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று நான் விரல்களைக் காட்டுவேன். அவன் திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொன்னால்தான் எதிரே இருப்பவன் பாஸ் கொடுப்பான். அது பழகியதும், மூடிய கை என்றால் பின்னால் ஆள் இருக்கிறது, வந்த வழியே ஒரே டச்சில் கொடு. விரித்த கை என்றால் திரும்பு. ஒரு வாரம் இதுவே போதும். நம் செம்மண் தரையில் பந்து துள்ளும், கல் இல்லாத மூலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐவருக்கு ஐவர். எதிரணியின் நடுவரிசைக்கும் டிஃபன்ஸுக்கும் இடையே சுண்ணாம்பால் ஒரு பட்டை போட்டு, அதற்குள் மட்டும் பந்து வாங்கச் சொல்லுங்கள். அவன் பழைய இடத்தில் இன்னொருவனை நிறுத்த மறக்காதீர்கள். அங்கே ஆள் இல்லையென்றால் இவன் தன்னையறியாமல் கீழே ஓடிவந்துவிடுவான்.

இதையெல்லாம் மாங்காய் சீசனில் தொடங்க வேண்டாம். பாதிப் பேர் தோப்பு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்பில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர் பெல்லிங்காமை 2023-ல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் அப்போதைய கோச் ஆன்செலோட்டி முன்னால் நகர்த்தினார். அந்த சீசனில் ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் மட்டும் 19 கோல். பையனுக்கு அந்த வீடியோக்களைக் காட்டலாம். ஆனால் ஷாட்டை விடுங்கள். எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது அவர் கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் நுழையும் நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மேட்சில் முதலில் கடைசி இருபது நிமிடம் கொடுங்கள். எத்தனை பந்தை இழந்தான் என்று எண்ணாதீர்கள். எத்தனை முறை முன்பக்கம் திரும்பினான் என்று எண்ணுங்கள். ஆறு மேட்ச் பார்த்தும் சரிவரவில்லையா, பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் மேட்ச் நடுவில், எல்லார் எதிரிலும் கத்திக் கூப்பிடாதீர்கள்.