பயோசிப் பரிசோதனை: பிழை நுழையும் இடங்கள்

முல்லைத்தீவில் ஒருவர் காலையில் எழும்பினால் தும்மிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எது உடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சின்னத் தகட்டில் பார்க்கும் ஒவ்வாமைச் சிப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறார். முடிவில் இறாலுக்கு நேரே 'பொசிற்றிவ்'. சின்ன வயதிலிருந்து நந்திக்கடல் இறாலை ஒரு சொறி, தடிப்பு இல்லாமல் தின்றவர், வைத்தியரிடம் ஒரு சொல் கேட்காமல் அன்றோடு விட்டுவிடுகிறார். இறாலில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தைப் போலவே ஒன்று வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியிலும் கரப்பானிலும் இருக்கிறது. உண்ணிக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்பொருள் சிப்பின் இறால் புள்ளியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். சிப் ஒட்டியதைக் காட்டியது. அதை நோய் என்று வாசித்ததுதான் பிழை.

சிப் அல்லது பயோசிப் என்பது, நுண்ணிய புள்ளிகள் வரிசையாக வைத்த ஒரு சின்னத் தகடு. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புரதமோ, எதிர்ப்பொருளோ, டிஎன்ஏ துண்டோ காத்திருக்கும். 1995இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஒரு சிறு செடியின் 45 மரபணுக்களைக் கண்ணாடியில் பதித்துக் காட்டினார்கள். இன்று இலட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள தகடுகளும் உண்டு.

அதனால்தான் "ஒரேயடியாக எல்லாத்தையும் பார்த்துவிடுங்கோ" என்ற ஆசை வருகிறது. சுகமான 100 பேரில் 95 பேர் அடங்கும்படிதான் பெரும்பாலும் சாதாரண எல்லையை வகுக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவீடுகள் பார்த்தால், ஒரு வருத்தமும் இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு 64 சதவீதம். கணக்கே அப்படி. பிறகு அந்த ஒன்றைத் தேடி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெரிய தலையிடி பயணம்தான். கிளிநொச்சியில் எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போகிறதென்றால் ஏ9 வீதியில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல். வெயிலுக்குப் பயந்து, எடுத்த உடனேயே குழாயை ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்கிறவர்கள் உண்டு. பிரிக்காத முழு இரத்தம் குளிரில் பனிக்கட்டியாக உறைந்தால் செங்குருதிக் கலங்கள் வெடித்து, சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதி சிவந்து, மாதிரியே வீணாகிவிடும். சீரம் தேவைப்படும் சோதனைக்கு அரை மணி நேரம் கட்டிபட விட்டு, சுழற்றிப் பிரித்த பிறகே 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிருக்கு அனுப்ப வேண்டும். டிஎன்ஏ கொஞ்சம் பொறுமைசாலி. மரபணுவின் செய்தியைக் கொண்டுபோகும் ஆர்என்ஏ அப்படியில்லை; அதற்கென்று காப்புத் திரவம் உள்ள குழாயில் எடுக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். குழாயின் மூடி நிறத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. ஊதா மூடிக்குப் பதில் பச்சை மூடிக் குழாயில் எடுத்தால், அதிலுள்ள, இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் ஹெப்பரின் டிஎன்ஏயைப் பிரதியெடுக்கும் வேலையைக் குழப்பும்.

ஆய்வுகூடத்துக்குள் நடப்பது வேறு. பிரிட்ஜிலிருந்து எடுத்த சிப் பொதியை அறைச் சூட்டுக்கு வர விடாமல் கிழித்தால், எங்கள் வெக்கையில் உடனே நீர் படியும், புள்ளிகள் கலங்கும். பவுடர் பூசிய கையுறையும் வேண்டாம், அந்தத் தூள் தகட்டில் விழுந்தால், ஒட்டியதை ஒளியால் வாசிக்கும் கருவிக்குப் பொய் ஒளி காட்டும். சோதனை நடுவில் கறண்ட் போனால் அந்த ஓட்டத்தை அப்படியே முடித்து முடிவு எழுதக்கூடாது. முதலிலிருந்து திரும்பச் செய்வது செலவுதான், என்ன செய்வது.

தலைமுடிக்கென்று பயோட்டின் என்ற விற்றமின் குளிசை போடுகிறவர்கள் அதை முதலே சொல்லுங்கள். பயோட்டினைப் பிடிமானமாகப் பயன்படுத்தும் சோதனைகளில் அது முடிவைப் பிழையாக ஏற்றவோ இறக்கவோ செய்யும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்த விஷயம் இது.

அப்புறம், 'நெகற்றிவ்' என்று வந்ததும் பெருமூச்சு விடுவது. தகட்டில் இல்லாத கிருமியையோ மரபணு மாற்றத்தையோ சிப் எப்படிக் காட்டும்? மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் இரண்டு தங்கள் துண்டுகளைச் சமமாக மாற்றிக்கொண்டிருந்தால் டிஎன்ஏ அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கூடுதல் குறைவைப் பார்க்கும் சிப்புக்கு அது தெரியாது. அதற்கு நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பழைய சோதனைதான் வேண்டும்.