மழையோடு இறங்கும் தழைச்சத்தை அளப்பது எப்படி

வண்டிப் புகை, யூரியா போட்ட வயல், மாட்டுத் தொழுவம் என்று எங்கெங்கிருந்தோ காற்றில் ஏறுகிற நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, கடைசியில் மண்ணுக்குத்தான் வருகிறது. மழையில் நைட்ரேட், அம்மோனியம் என்ற வடிவில் கரைந்து வரும் பங்கை அளக்க ஒரு பிளாஸ்டிக் புனல், கேன், மழைமானி, நம்பகமான லேப் போதும். பாதி வேலை மாதிரியைக் கெடாமல் காப்பாற்றுவதுதான்.

புனல் தரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும், தாழ்ந்தால் சேறு தெறிக்கும். மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள், தொழுவத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். புனல் கழுத்தில் நைலான் வலை, கேனைச் சுற்றி அலுமினியத் தாள். வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து, நாம் அளக்க வந்ததையே தின்றுவிடும். நுண்ணுயிரிகளும் சும்மா இருக்காது, அதனால் கேனில் தைமால் என்ற கிருமிக்கொல்லி கொஞ்சம் போடுங்கள்.

புனலையும் கேனையும் கழுவ வாலைவடிநீர் மட்டும். லேப்களில் பழக்கதோஷத்தில் நைட்ரிக் அமிலத்தில் கழுவுவார்கள், அளப்பதே நைட்ரேட் எனும்போது அது எதற்கு? வியர்வையிலும் அம்மோனியம் உண்டு, கையுறை போடுங்கள்.

வாரம் ஒருமுறை எடுங்கள். அமெரிக்காவில் 1978 முதல் நடக்கும் தேசியக் கண்காணிப்பிலும் வாரக் கணக்குதான், செவ்வாய்க்கிழமை எடுப்பார்கள். பறவை எச்சம் விழுந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், லேப் ரிசல்ட்டில் பாஸ்பேட் எகிறியிருந்தால் எச்சம் கலந்ததோ என்று சந்தேகப்படலாம். மீதியை வடிகட்டி, குளிரில் வைத்து, கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயன் குரோமட்டோகிராபி செய்யும் லேபுக்கு அனுப்புங்கள்.

ரிசல்ட் வந்ததும் பலரும் சறுக்குவது கணக்கில். நைட்ரேட்டை 0.226 ஆலும் அம்மோனியத்தை 0.776 ஆலும் பெருக்கினால்தான் நைட்ரஜன் கிடைக்கும். லிட்டருக்கு 2 மி.கி. நைட்ரேட், 0.5 மி.கி. அம்மோனியம் என்றால் நைட்ரஜன் 0.84 மி.கி. அந்த வாரம் 40 மி.மீ. மழை பெய்திருந்தால், 40 ஆல் பெருக்கி 100 ஆல் வகுங்கள்: ஹெக்டேருக்கு சுமார் 0.34 கிலோ. இப்படி வாராவாரம் கணக்கிட்டுக் கூட்டுங்கள். அடர்த்திகளை மட்டும் சராசரி எடுத்து வருட மழையால் பெருக்காதீர்கள், காற்றைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையில் கொஞ்சம் தண்ணீரிலேயே நைட்ரஜன் ஏகத்துக்கு இருக்கும், அது கணக்கை ஊதிவிடும்.

எப்போதும் திறந்திருக்கும் புனலில் கொஞ்சம் தூசியும் சேரும், ஆனால் இலைகளில் நேரடியாகப் படியும் அம்மோனியா, நைட்ரிக் அமில ஆவி எல்லாம் சிக்காது. அதற்கு மரத்தடியில் இன்னொரு புனல் வைத்து, கீழே பிவிசி குழாயில், கரைந்த அயனிகளைப் பிடித்து வைக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் மணிகளை நிரப்புங்கள். மாதக்கணக்கில் அப்படியே விட்டு, பிறகு பொட்டாசியம் குளோரைடு கரைசலால் கழுவி எடுக்கலாம். அப்போதும் இலைகள் உறிஞ்சியது போக மிச்சம்தான் கீழே வந்திருக்கும், ஆகவே அந்த எண்ணைக் குறைந்தபட்ச அளவு என்றே எழுதுங்கள்.