வித்தியாசமான பேட்டி எடுக்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் இப்போது கமராவோடு திரியும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரு புதுப் பேட்டி நிகழ்ச்சிக்கான யோசனை வைத்திருக்கிறது. தோணியில் வைத்துப் பேட்டி, ஆட்டோவில் ஏற்றிப் பேட்டி, கொச்சிக்காய் அள்ளிப்போட்ட கொத்து ரொட்டியைச் சாப்பிட வைத்துப் பேட்டி. எனக்கு இது உண்மையாகவே சந்தோஷம். சோபாவில் இருத்தி, பக்கத்தில் பூச்சாடி வைத்து, "உங்கள் கலைப்பயணம் பற்றிக் கூறுங்கள்" என்று கேட்கும் பேட்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஆள் நான். ஆனால் ஒலிப்பதிவுக்கு உதவப் போகும் இடங்களில், ஆரம்பத்தில் எங்கள் செட் விட்ட அதே பிழைகளை இவர்களும் வரிசையாக விடுகிறார்கள். பற்றரி சார்ஜ், மெமரி கார்ட் பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அவை ஒருமுறை பட்டால் தானாகவே பழகிவிடும்.

விளையாட்டின் விதியை மறைப்பது

"பிட்வீன் டூ ஃபேர்ன்ஸ்" நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, விருந்தாளியைத் திடீரென்று அவமானப்படுத்தினால் நல்ல வீடியோ கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2008இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஸாக் கலிஃபியனாகிஸ் தொடங்கிய நிகழ்ச்சி அது. இரண்டு பன்னச் செடிகளுக்கு நடுவே இருந்துகொண்டு, வந்தவரிடம் மரியாதையே இல்லாமல் கேள்வி கேட்பார். 2014இல் ஒபாமா ஜனாதிபதியாக இருக்கும்போதே அதில் போய் இருந்தார். அவருக்கு ஒரு தேவை இருந்தது: இளம் வயதினர் மருத்துவக் காப்புறுதியில் பதிய வேண்டும். என்ன மாதிரியான இடத்துக்குப் போகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே நடந்தது வேறு. கோயில் திருவிழாக் கச்சேரிக்கு வந்த ஒரு பாடகியை "சின்னப் பேட்டிதான் அக்கா" என்று டச்பே கடற்கரைக்குக் கூட்டிப்போய், தோணியைக் காட்டி ஏறச் சொன்னார்கள். அவருக்குக் கடல் என்றால் பயம். ஏறவும் மனமில்லை, மறுக்கவும் கூச்சம். கரையில் நின்றபடியே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். என்ன செய்யப் போகிறோம் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். என்ன கேட்கப் போகிறோம் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு சம்பந்தப்பட்டதென்றால் ஒவ்வாமை, அல்சர், நீரிழிவு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

யோசனைக்கு இரண்டு கிழமை, ஆளுக்குப் பத்து நிமிடம்

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும் பிழை.

ஒரு குழு "ஹொட் வன்ஸ்" மாதிரி ஒன்று செய்தது. அமெரிக்காவில் 2015இலிருந்து ஷோன் எவன்ஸ் நடத்தும் நிகழ்ச்சி: பத்துக் கோழிச் சிறகுகள், ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட உறைப்பான சோஸ், ஒவ்வொன்றோடும் கேள்வி. எங்கள் பிள்ளைகள் சிறகுக்குப் பதில் பொரித்த இறால் வைத்தார்கள். கொச்சிக்காய் வகைகளைத் தேடி அலைந்தார்கள், தட்டுகளுக்கு நிறம் பிரித்தார்கள், பின்னால் வைக்கப் பெயர்ப்பலகை எழுதுவித்தார்கள். விருந்தாளி ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர் ஒருவர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் அந்தக் குரல் தெரியும்.

முதல் இறால்: "ஐயா, இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?" ஐந்தாவது இறால், கண்ணால் நீர் வழிகிறது: "மறக்க முடியாத அனுபவம் ஏதாவது?" அவர் எத்தனையோ மேடைகளில் சொன்ன அதே பதிலை அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். உறைப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் அந்தப் பதில்களுக்கு யோசிக்கவே தேவையில்லை.

கமராவை நிறுத்தி, மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச ஆரம்பித்தார். பல வருடம் மரண அறிவித்தல் வாசித்தவர் அவர். ஒருநாள் நேரடி ஒலிபரப்பில் அடுத்த தாளை எடுத்தால், அதில் தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டாளியின் பெயர். குரல் உடையக்கூடாது. ஊர், உறவுமுறை, தகனம் நடக்கும் நேரம் என்று எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வெளியே போய் அழுதாராம். இந்தக் கதை அந்த வீடியோவில் இல்லை. அவர் மரண அறிவித்தல் வாசித்தவர் என்பதே அந்தக் குழுவுக்குத் தெரியாது. வீட்டில் அம்மாவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

ஷோன் எவன்ஸின் பலம் சோஸ் இல்லை. விருந்தாளியின் பழைய பேட்டிகள், யாரும் கவனிக்காமல் விட்ட சின்னச் சின்ன விபரங்கள் எல்லாவற்றையும் அவரது குழு தோண்டி எடுக்கிறது. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வந்தவர்கள் திகைப்பதை அடிக்கடி பார்க்கலாம். உறைப்பின் வேலை ஒன்றே ஒன்றுதான்: தயார்ப்பதிலைத் தேடி எடுக்க விடாமல் செய்வது. நல்ல கேள்வி கையில் இல்லாவிட்டால் அந்த வேலைக்குப் பலன் இல்லை. இன்னொன்று, உங்கள் சிறந்த கேள்வியை உறைப்பின் உச்சியில் வைக்காதீர்கள். அங்கே வாய் பேசாது. அதற்கு ஒன்றிரண்டு துண்டுகள் முன்னால் வையுங்கள்.

எங்கே தேடுவது? ஊர் ஆட்களைப் பற்றி கூகுளில் பெரிதாகக் கிடைக்காது, சரி. ஆனால் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் ஏராளமாக இருக்கின்றன. பள்ளிக்கூட ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர் எல்லாம் புரட்டுங்கள். அப்புறம் அவரோடு வேலை செய்த இரண்டு பேருக்குப் போன் எடுங்கள்.

யோசனை ஆளுக்குப் பொருந்துகிறதா என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். 1942இல் பிபிசி வானொலியில் ரோய் ப்ளம்லி தொடங்கிய "டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்" இன்றும் ஓடுகிறது. ஆளில்லாத தீவில் ஒதுங்கினால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும், கூடவே எந்தப் புத்தகம், எந்த ஒரு ஆடம்பரப் பொருள்? அவ்வளவுதான் நிகழ்ச்சி. தீவும் வேண்டாம், தோணியும் வேண்டாம். ஆயுள் முழுக்கப் பாட்டுப் போட்ட அந்த அறிவிப்பாளரிடம் எட்டுப் பாட்டுக் கேட்டிருந்தால், இறாலுக்குச் செலவழித்த காசு மிஞ்சியிருக்கும், பேச்சும் தானாக வந்திருக்கும்.

ஓடிக்கொண்டே கேட்பது

பாடகர்களைக் காரில் ஏற்றிப் பாடிப் பேசும் ஜேம்ஸ் கோர்டனின் "கார்பூல் கரோகி" பார்த்துவிட்டு ஆட்டோ ஓட்டிக்கொண்டே பேட்டி எடுக்கிறார்கள். கோர்டனின் வாகனத்தைக்கூடச் சில காட்சிகளில் இன்னொரு வண்டி இழுத்துப்போனது 2020இல் ஒரு வீடியோ பரவியபோது எல்லாருக்கும் தெரியவந்தது. பாதுகாப்புக்காகச் செய்வதுதான் அது. நிலாவெளி வீதியில் வான்களுக்கு நடுவே பின்னால் திரும்பித் திரும்பிக் கேள்வி கேட்பது உயிரோடு விளையாடுவது. வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். தோணி என்றால் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி.

அதோடு, மூடிய காருக்குள் குரல் சுத்தமாக விழும். ஆட்டோவுக்குக் கதவே இல்லை.

கச்சான் காற்று வீசும் காலத்தில் கடற்கரை

வேண்டாம். காலை ஏழு மணிக்குள் முடிக்க முடிந்தால் மட்டும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அரங்கமாக்குவது

ஏழு கிணறு, ஏழு விதமான சூடு, கிணற்றுக்கு ஒரு கேள்வி. இந்த யோசனையோடு என்னிடம் பலர் வந்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம்பி, இறந்துபோன தங்கள் ஆட்களை நினைத்து அங்கே வந்து தலையில் நீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நடிகரை வைத்து வாளியால் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் யாருக்காக வந்தாரோ தெரியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் படம்பிடிக்க நினைப்பவர்களும் முதலில் அனுமதி கேளுங்கள், உள்ளே இராணுவம் இருக்கிறது.

மௌனத்தை நிரப்புவது

அமேலியா டிமோல்டன்பேர்க் லண்டனில் பொரித்த கோழிக் கடைகளில் எடுக்கும் "சிக்கன் ஷொப் டேட்" பேட்டிகளில் அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நொடிகளைக் கவனியுங்கள். நீங்கள் வாயை மூடுங்கள்.

விளம்பரத்தை முதலில் வைப்பது

வந்தவரின் புதுப் படம், அடுத்த கச்சேரி பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே வந்தால் பார்ப்பவர் போய்விடுவார், விருந்தாளியும் வந்த வேலை முடிந்ததென்று தளர்ந்துவிடுவார். ஹொட் வன்ஸில் கடைசித் துண்டு முடிந்த பிறகுதான் கமராவைக் காட்டி "இப்போது உங்கள் விஷயத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். அதை விருந்தாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி வரை இருப்பார்.