முதல் ரைபிள் எது வாங்கலாம்? மதுரைப் பக்கத்து ஆளுக்குச் சொல்வது

யூடியூபில் அமெரிக்காக்காரன் கடைக்குப் போய் அரை மணி நேரத்தில் ரைபிளோடு வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, "முதல் ரைபிள் எது வாங்கலாம்? சும்மா சுட்டுப் பழகவும் ஆகணும், ஆபத்து அவசரத்துக்கும் ஆகணும்" என்று கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் முதல் ரைபிள் என்றால் அது 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள்தான், அதாவது பாயின்ட் 177 (0.177 அங்குலக் குழல்). அவசரத்துக்கு என்கிற பாதியை மறந்துவிடுங்கள்.

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் தேர்வில் பாதியை அதுவே முடித்துவிடுகிறது. 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் பாயின்ட் 177-ஐத் தாண்டாமலும் குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பாயின்ட் 22 ஏர் ரைபிள் என்று ஆசைப்பட்டால் அது லைசென்ஸ் பக்கம் போய்விடும், நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. தோட்டா போட்டுச் சுடுகிற எதுவாக இருந்தாலும் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் கட்டாயம், வயது 21 ஆகியிருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருந்தாலும், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் உள்ளே. "தாத்தா காலத்துது, சும்மா கிடக்கு" என்பதெல்லாம் போலீஸிடம் எடுபடாது.

சரி, அவசரம். நமக்கு வருகிற அவசரம் எது? 2024 அக்டோபரில் ஒரே மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததே, அது அவசரம். கரண்ட் போவது, பாம்பு வருவது, ராத்திரியில் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, இதெல்லாம் அவசரம். இதில் எதற்கும் ரைபிள் உதவாது. திருட்டுப் பயம் என்றால், ரைபிளை ஒழுங்காக வைக்கிறவர் அதைப் பூட்டி, குண்டை வேறு இடத்தில் பூட்டி, சாவியையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருப்பார். நடுராத்திரியில் அதையெல்லாம் திறந்து முடிப்பதற்குள் திருடன் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான். அப்படிப் பூட்டாமல் வைத்திருந்தால், திருடனைவிட உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் ஆபத்து. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளில் இருக்கிறது, ஆனால் தேவைக்கு மீறித் தாக்கினால் அது தற்காப்பு இல்லை என்றும் அங்கேதான் எழுதியிருக்கிறது. நல்ல டார்ச், கிரில் கேட், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர். அந்தக் காசை இதற்குச் செலவழியுங்கள்.

பேரையூர், சாப்டூர், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு. பன்றி கடலையைக் கிளறுகிறது, மயில் நாற்றைக் கொத்துகிறது, அதற்கு ஆகுமா? ஆகாது. மயில், கிளி, மைனா, மணிப்புறா, முயல், பன்றி எல்லாமே 1972 வன உயிரினச் சட்டத்துக்குள் வருகிறவை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் வாங்க வழி இருக்கிறது என்றாலும், லைசென்ஸ் கையில் இருப்பதும் பன்றியைச் சுட அனுமதி இருப்பதும் வேறு வேறு. ஏர் ரைபிளால் பன்றியைச் சுட்டால் அது சாகவும் சாகாது, காயத்தோடு அடுத்த தோட்டத்துக்காரர் மேல்தான் பாயும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏர் ரைபிளில் ஸ்பிரிங், கேஸ் ராம், பிசிபி என்று மூன்று வகை கண்ணில் படும். ஸ்பிரிங் வகையில் குழலை ஒடித்து மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கும், விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும். சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுடுகிற கடையில் நீங்கள் பிடித்திருப்பது இந்த வகைதான், ஆனால் அங்கே குறி தவறினால் உங்களை நொந்துகொள்ள வேண்டாம், அந்தத் துப்பாக்கிகளின் குறிமுள் பெரும்பாலும் எந்தப் பக்கமாவது வளைந்திருக்கும். கேஸ் ராமில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு, அதிர்வு கொஞ்சம் குறைவு. பிசிபியில் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைப்பார்கள், உதைப்பே கிட்டத்தட்ட இருக்காது, குறி தானாக வருவது போலத் தோன்றும். ஆனால் ரைபிள் விலையோடு முடியாது, பம்ப் வேண்டும், கையால் அடித்துப் பாருங்கள், ஜிம்முக்குத் தனியாகப் போக வேண்டாம்.

என் தேர்வு இப்படி: தோட்டத்தில் வைத்துச் சுட்டுப் பழகினால் போதும் என்றால் ஸ்பிரிங் அல்லது கேஸ் ராம். பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் பிசிபி. ஸ்பிரிங்கில் பழகியவன் கை வேறு எதிலும் நிற்கும் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அது முன்னும் பின்னுமாக இரண்டு தரம் உதைக்கும், குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள்ளேயே பாதி உதை நடந்துவிடும், அதனால் நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்பதைக் குறி அட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் ரைபிளைச் சும்மா படுக்க வையுங்கள், விரல்களை மடக்க வேண்டாம், அது உதைக்கிறபடி உதைக்கட்டும். இந்த ஒரு விஷயத்தைச் செய்தாலே சிதறிக் கிடந்த ஓட்டைகள் ஒன்றாகக் கூடும்.

கடையில் முதலில் காதில் விழுவது எஃப்.பி.எஸ், அதாவது குண்டு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்கிற கணக்கு. "ஆயிரம் எஃப்.பி.எஸ் தம்பி, தகரத்தைத் துளைச்சிட்டுப் போகும்" என்பார்கள். அந்த ஆயிரம் எந்தக் குண்டில் வந்தது என்று கேளுங்கள். ஈயம் இல்லாத லேசான 0.35 கிராம் குண்டைப் போட்டு அளந்திருந்தால், நொடிக்கு 305 மீட்டர் வேகத்தில் ஆற்றல் 16 ஜூல்தான். அதே ஆற்றலில் வழக்கமான 0.53 கிராம் ஈயக் குண்டு 800 எஃப்.பி.எஸ்ஸை ஒட்டித்தான் போகும். போகட்டும், அதுவே அதிகம். ஒலியின் வேகத்தை நெருங்கினால் பெல்லட், அதாவது ஏர் ரைபிள் குண்டு, தள்ளாட ஆரம்பிக்கும், அட்டையில் ஓட்டைகள் சிதறும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் குண்டு போவதே நொடிக்குச் சுமார் 170 மீட்டரில், அதாவது 8 ஜூல் பக்கம். அந்த வேகத்தில்தான் அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார், நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்குவதும் அதில்தான். அந்த அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பென்சில் முனையால் ஒரு தரம் தொட்ட அளவு. இதற்கு வேகம் எதற்கு?

அளவுதான் முக்கியம். ரைபிளைக் கையில் வாங்கி, பின்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை மேலே நீட்டுங்கள், ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையில் சுகமாகப் படவேண்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திறங்கள். குறி நேராகத் தெரிந்தால் அது உங்கள் ரைபிள், கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேடவேண்டியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வலது கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு கையாலும் ஒரு சின்ன முக்கோணம் செய்து, இரண்டு கண்ணையும் திறந்து சுவர்க் கடிகாரத்தை அதற்குள் பார்த்துவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் உள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். குழலை மடக்கிப் பார்க்கும்போது மூச்சு முட்டினால் அந்த ரைபிள் வேண்டாம், பத்துக் குண்டுக்குப் பிறகு கை நடுங்கும், நடுங்குகிற கையோடு பழகுவதற்குப் பழகாமலே இருக்கலாம்.

குழலை ஒடித்த நிலையில் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. குழல் முனையில் வெட்டோ நசுங்கலோ இருக்கக் கூடாது. சுட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் குண்டு போட்டு. குண்டில்லாமல் ஸ்பிரிங் ரைபிளின் விசையை இழுத்தால் பிஸ்டன் முட்டிச் சீல் வீணாகும். அப்படி வெறுமனே தட்டிக் காட்டுகிற கடையில் மற்றப் பீஸ்களும் என்ன கதியில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தயாரிப்பில் பிரிசிஹோல் மாதிரியானவை முதல் ரைபிளுக்குத் தாராளமாகப் போதும், பத்தாயிரத்துக்கு மேல் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். வால்தர், ஃபெயின்வெர்க்பாவ் மாதிரி ஜெர்மன் கம்பெனிகளின் போட்டி ரைபிள் எல்லாம் லட்சங்களில், அது பிறகு. வரிசை எண்ணோடு பில் வாங்குங்கள், அடையாள அட்டை நகல் கொடுங்கள், கொடுக்க வேண்டாம் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஸ்கோப், அதாவது மேலே மாட்டுகிற தொலைநோக்கிக் குறி, உடனே வேண்டாம். ரைபிளோடு வருகிற குறிமுள்ளிலேயே மாதக்கணக்கில் சுடுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் ஏர்கன்னுக்கென்றே செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங்கின் முன்பக்க உதை சாதாரண ஸ்கோப்பின் உள்ளே இருக்கிற கண்ணாடியைக் கழற்றிவிடும், அதோடு 10 மீட்டரில் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஃபோகஸைத் திருப்பவும் வரவேண்டும்.

பெல்லட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டை மூக்கு ஈயக் குண்டு அட்டையில் வட்டமாக ஓட்டை போடும், கூர் மூக்கு கிழித்துவிடும். இரண்டு மூன்று வகை டப்பா வாங்கி ஒரே ரைபிளில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டால், ஒன்று மட்டும் கூடி விழும், காரணம் கேட்காதீர்கள், அந்தக் குழலுக்கு அதுதான் பிடிக்கும். இரும்பு உருண்டை போடவே கூடாது, குழலின் உள்வரி தேய்ந்துவிடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள், கையில் இருப்பது ஈயம்.

எங்கே சுடுவது? மொட்டை மாடியில் வேண்டாம். மதுரையில் மாடிக்கு மாடி தாவிப் போகலாம், யார் வடகம் காயப்போட வருவார்கள் என்று சொல்ல முடியாது. கண்மாய்க்கரை வெறிச்சென்று தெரியும், ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் உட்கார்ந்திருப்பார். தவறிப் போன பெல்லட் 300 மீட்டருக்கு மேலும் போகும். கருங்கல் வேலியும் பாறையும் தண்ணீரும் குண்டைத் திருப்பி அனுப்பும். தோட்டம் இருந்தால் உயரமான செம்மண் மேட்டுக்கு முன்னால், அதுவும் ஒரு பெட்டி வைத்து. பலகைப் பெட்டிக்குள் பின்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அதற்கு முன்னால் பழைய வேட்டி, போர்வை எல்லாவற்றையும் இறுக்கித் திணித்து, முன்னால் அட்டையை ஒட்டினால் போதும். கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் நிற்கிறவருக்கும் போடச் சொல்லுங்கள். குண்டு போடும்போது ஒடித்த குழலை ஒரு கையால் பிடித்தே இருங்கள், தவறி மூடிக்கொண்டால் விரல் போய்விடும். காலியாக இருந்தாலும் குண்டு இருக்கிறது என்றே நினைப்பது, முனையை யார் பக்கமும் திருப்பாதது, சுடும் நேரம் வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே சுடுவது, இவற்றை முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தெருவில் கொண்டுபோகும்போது பைக்குள் இருக்கட்டும். பார்க்கிறவருக்கு அது ஏர் ரைபிள் என்று தெரியாது.

இன்னொன்று: வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து அவர்கள் ரைபிளில் ஒரு மாதம் சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு நிறையப் பேருக்கு வாங்கவே தோன்றாது, காசு மிச்சம். தோன்றுகிறவர்களுக்கு அடுத்த படியும் அங்கேதான் இருக்கிறது. கிளப் உறுப்பினர் குறி பழகுவதற்குத் தோட்டா போட்டுச் சுடுகிற பாயின்ட் 22 ரைபிளுக்கு லைசென்ஸ் கேட்டால் அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்கிற பாயின்ட் 22 அதற்குப் போதும். அதைவிடப் பெரிய பாயின்ட் 315 ரைபிளைப் பார்த்து மயங்காதீர்கள், உதையும் சத்தமும் புதியவனைக் கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழக்கிவிடும். விண்ணப்பத்தோடு பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள், கிடைத்தால் 5 வருடத்துக்குச் செல்லும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் பொதுவாகக் கிடையாது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், அப்போது ரசீது வாங்கி லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள், திருப்பி வாங்கும்போது வரிசை எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.