லூனா 3 எடுத்த நிலாவோட பின்பக்க போட்டோவ எப்படிப் பாக்கணும்?

1959 அக்டோபர் 7 வரைக்கும் பூமியிலேருந்து தெரியாத நிலாவோட பின்பக்கத்த யாருமே பாத்ததில்ல, சோவியத் யூனியன் அனுப்புன லூனா 3 விண்கலம் தான் முதல்ல படம் புடிச்சுது. அந்தப் படத்த நெட்டுல தேடினா கோடு கோடா, கறை படிஞ்ச மாதிரி வரும், நிறைய பேரு ஒரு செகண்ட் பாத்துட்டு மூடிடறாங்க, எனக்கு அது வருத்தமா இருக்கும். பத்து நிமிஷம் ஒதுக்குங்க போதும்.

ஸ்டெப் 1: முழு வட்டமா தெரியற படத்த எடுங்க, வடக்கு மேல இருக்கணும்.

ஸ்டெப் 2: முதல்ல இடது பக்கம். அது பூமியிலேருந்து நமக்குத் தெரியற பக்கத்தோட ஓரம் தான். ஓரத்துல முட்டை மாதிரி கருப்பா இருக்கே, அது கிரிசியம் கடல் (கடல்னு பேரு தான், தண்ணி இல்ல, எரிமலைக் குழம்பு உறைஞ்ச கருப்புச் சமவெளி), பௌர்ணமி அன்னைக்கு வெறும் கண்ணாலயே தெரியும்.

ஸ்டெப் 3: இப்ப வலது பக்கம் வாங்க. மேல இருக்கற கருப்புத் திட்டு மாஸ்கோ கடல். கீழ சின்ன கருப்பு வட்டம், நடுவுல வெள்ளைப் புள்ளி, அது சியோல்கோவ்ஸ்கி பள்ளம், புள்ளி அதோட நடு மலை. வேற கருப்பே பெருசா இல்ல பாருங்க, நம்ம பக்கம் அவ்ளோ கடல் இருக்க பின்பக்கம் இப்படி வெளுத்துக் கிடக்கும்னு அன்னைக்கு யாரு நினைச்சா!

ஸ்டெப் 4: அந்தக் கோடுங்க ஏன்? சுமார் 65,000 கிமீ தள்ளி நின்னு 40 நிமிஷத்துல 29 படம், எல்லாம் ஃபிலிம்ல. அத ஆளே இல்லாத விண்கலத்துக்குள்ளயே கழுவி, காய வச்சு, ஒரு வெளிச்சப் புள்ளிய வரி வரியா ஓட்டி, கிடைச்ச சிக்னல ரேடியோவுல அனுப்பிச்சுது. ஃபேக்ஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. 1959ல இத செஞ்சிருக்காங்கன்னு நினைச்சா இப்பவும் எனக்குப் புல்லரிக்குது.

ஸ்டெப் 5: ஒரு பேப்பர நல்லா கசக்கி உருட்டி, இருட்டு ரூம்ல செல்போன் டார்ச்ச உங்க கண்ணு பக்கத்துலேருந்து அடிங்க, மடிப்பெல்லாம் தட்டையா தெரியும். டார்ச்ச பக்கவாட்டுல கொண்டு போங்க, நிழல் விழுந்து மேடு பள்ளம் வந்துடும். லூனா 3 படம் எடுக்கறப்ப சூரியன் அதுக்குப் பின்னாடி இருந்துச்சு, அதனால நிழலே இல்ல, எது மேடு எது பள்ளம்னு சொல்றது கஷ்டம்.

ஸ்டெப் 6: படத்துல வெளுப்பா ஓடற பட்டைய மலைத்தொடர்னு நினைச்சு சோவியத் மலைகள்னு பேரே வச்சுட்டாங்க. பின்னாடி வந்த தெளிவான படத்துல அங்க மலையே இல்ல, பள்ளம் உண்டானப்ப தெறிச்ச வெளுத்த மண்ணு தான் அப்படித் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு இருக்கற நிலா மேப்ப பக்கத்துல திறந்து வச்சு அந்தப் பட்டை எங்க வருதுன்னு நீங்களே தேடிப் பாருங்க, சியோல்கோவ்ஸ்கிலேருந்து ஆரம்பிச்சா ஈஸி.